லபீப் தவறவிட்ட அடக்க ஜெபம்

"நாளைக்குக் காலையில ஆபரேஷன்" என்று டாக்டர் ஹிஷாம் சொன்னார். அதற்கு முன்னால் அவர் அடைப்பு, ரத்தக்குழாய், இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டியிருந்தார். ஷபீகாவின் காதில் அதில் ஒன்றும் ஏறவில்லை. நாளைக்குப் புதன்கிழமை என்பது மட்டும் ஏறியது. பாடுகளின் வாரத்துப் புதன்கிழமை.

"ஞாயித்துக்கிழமை தாண்டிப் பண்ணக்கூடாதா டாக்டர்?"

"ஞாயிறு உங்க பண்டிகை. மறுநாள் வசந்தப் பண்டிகை, ஊரே ஆத்தங்கரையில உக்காந்து கருவாடும் வெங்காயமும் தின்னுக்கிட்டு இருக்கும். நான் யாரை வெச்சும்மா அறுக்கிறது? அதுவரைக்கும் இவர் தாங்குவாரான்னு கேளுங்க முதல்ல."

"தாங்குவாரா?"

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம். ராத்திரிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் குடுக்காதீங்க. வயிறு காலியா இருக்கணும்."

அவர் போய்விட்டார். ஷபீகா வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் செத்துப்போவானோ என்ற பயம் எந்தப் பெண்டாட்டிக்கும் உள்ளதுதான். அவளுக்கு அதற்கு மேலும் ஒரு பயம் இருந்தது. அதை டாக்டரிடம் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார், இல்லையென்றால் கோபப்படுவார். இரண்டையும் தாங்கும் நிலையில் அவள் இல்லை.

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குருத்தோலை ஞாயிறு முடிந்து பாடுகளின் வாரம் தொடங்கிவிட்டால் எங்கள் கோவிலில் கர்த்தருடைய துக்கம் ஒன்றுதான் துக்கம். வேறு எவருக்கும் அந்த நாட்களில் அடக்க ஜெபம் கிடையாது, சாம்பிராணிப் புகை கிடையாது. பிணத்தைக் கொண்டுவந்து வைத்தால், அந்த வேளைக்கு உரிய வாசிப்பை வாசித்து அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும், உயிரோடு நிற்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரு பொது அடக்க ஜெபம் சொல்லிவிடுவது. ஜெபம் பண்ணின தண்ணீரை அபூனா, அதாவது எங்கள் பாதிரியார், எல்லார் மேலும் தெளிப்பார். அந்த வாரம் யார் போனாலும் சரி, அவருக்கான ஜெபம் ஆயிற்று என்று அர்த்தம். கையில் ஓலைச் சிலுவையும் ஓலைக் கழுதையுமாகக் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருக்க, எல்லாருமாகத் தங்கள் சாவுக்குத் தாங்களே நின்று ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவோம்.

அவள் புருஷன் லபீப் அந்த ஜெபத்தில் இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணம் ஷபீகா.

அன்று காலை அவள் முட்டைக்கோஸ் இலையில் அரிசியைச் சுருட்டிப் பானை நிறைய அடுக்கி, அடுப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டுக் கோவிலுக்கு வந்தாள். பூசை நீண்டுகொண்டே போனது. அபூனா பிசெந்தி அடக்க ஜெபத்துக்காகப் புத்தகத்தைத் திறக்கிற நேரத்தில், தீயைச் சிறிதாக்கினோமா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெண்கள் வரிசையிலிருந்து ஆண்கள் வரிசையை எட்டிப் பார்த்து, லபீபின் கண்ணைப் பிடித்து, அடுப்புக் குமிழைத் திருகுகிற மாதிரி விரலால் காட்டினாள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான், எழுந்து போனான். போனவன் திரும்பி வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வரும் வழியில் வேன் ஓட்டும் கூட்டாளி ஒருவன் அகப்பட்டான், பேசிக்கொண்டு நின்றுவிட்டான். லபீபுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும், உலகம் முடிந்தாலும் தெரியாது. ஜனங்கள் கலைந்து வரும்போது எதிரே வந்து, "என்ன, என்னைப் புதைச்சாச்சா?" என்று கேட்டான். ஷபீகாவும் சிரித்தாள். மறுநாள் மத்தியானம் வேன் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

லபீபின் அக்கா இன்சாஃப் கட்டில் பக்கத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். வெங்காய விலை ஏறினாலே கடைசி காலம் வந்துவிட்டது என்பவள். தொலைக்காட்சியில் பூகம்பமோ சண்டையோ காட்டிவிட்டால் அன்று முழுவதும் எக்காளச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். லபீப் அவளைச் சும்மா விடமாட்டான். "எக்காளம் ஊதினா எனக்கு ஒரு போன் போடுக்கா. வேனை எடுத்துட்டு வரேன். கல்லறையிலிருந்து நேரா பரலோகம், நின்னுட்டுப் போறவங்களுக்குப் பாதிக் கட்டணம்" என்பான்.

இன்றைக்கு அவன் கண்ணை மூடிக் கிடந்தான். மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவைக்கு மேல் ஊசி ஏறியிருந்தது. இன்சாஃப் குரலைத் தாழ்த்தி, "நல்லவேளை, ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஜெபத்துல நின்னோம்" என்றாள். "எங்க அப்பா வழியில ஒருத்தர், வதீ பெரியப்பான்னு, அந்த ஜெபத்துக்கு வராம மீன் பிடிக்கப் போயிட்டார். அதே வாரம் ஆத்துல முழுகிட்டார். அவங்க அம்மா கனவுல எத்தனையோ நாள் வந்தார். செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு வாசல்ல நிப்பாராம். உள்ளேயும் போக மாட்டார், திரும்பவும் மாட்டார்."

"அண்ணி, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?"

"நம்ம லபீப் நின்னான்ல, அதுக்குச் சொன்னேன்."

லபீப் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போனதை இன்சாஃப் பார்க்கவில்லை. கடைசி நாளில் நடக்கப்போவதை ஷபீகா சின்ன வயதிலிருந்தே மனதில் கண்டிருக்கிறாள். ஆற்றுக்கு அக்கரையில் குவிமாடம் குவிமாடமாகக் கிடக்கும் கல்லறைகள் திறக்கும். கிழக்கே கால் நீட்டிக் கிடந்தவர்கள் எழுந்து, கிழக்கிலிருந்து வருகிறவரை நேருக்கு நேர் பார்ப்பார்கள். ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் இப்போது லபீப் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பேர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"நான் கோவில் வரைக்கும் போயிட்டு வரேன், அண்ணி" என்று கிளம்பிவிட்டாள்.

கோவில் தூண்களில் கறுப்புத் துணி சுற்றியிருந்தது. பகல் வாசிப்பு முடிந்து ஜனங்கள் முற்றத்தில் நின்றார்கள். அபூனா பிசெந்தியைச் சுற்றிப் பத்துப் பேர். இளவயசுக்காரர், ஓயாத வாசிப்பில் தொண்டை கட்டியிருந்தது. ஒருவன் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை என்கிறான், ஒருத்தி வியாழக்கிழமைப் பூசைக்கு அப்பம் போதாது என்கிறாள். ஷபீகா நடுவில் புகுந்து அவர் அங்கியைப் பிடித்தாள்.

"அபூனா, லபீப் ஞாயித்துக்கிழமை அடக்க ஜெபத்துல இல்லை. நாளைக்கு அவருக்கு நெஞ்சைப் பிளக்கிறாங்க. அவருக்கு மட்டும் ஒருதரம் சொல்லிடுங்க. சின்னதா. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"ஷபீகா, அந்த ஜெபம் எல்லாருக்கும் சொன்னது."

"வந்தவங்க எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும். கடவுள் என்ன பள்ளிக்கூட வாத்தியாரா, ஆஜர் எடுக்க? போம்மா. போய் அவர் பக்கத்துல இரு. நாளன்னைக்கு நற்கருணையோட நானே வரேன்."

"நாளன்னைக்கா?"

அதற்குள் ஒலிபெருக்கிக்காரன் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அபூனா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சொன்ன வேகம்தான் தப்பு. அழுகிற பிள்ளை வாயில் மிட்டாயைத் திணித்துவிட்டு நகர்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் என்றால் பிறகு எதற்கு அத்தனை பேரையும் நிற்க வைத்து, தண்ணீர் தெளித்து, கடைசி ஆள்வரைக்கும் நனைந்ததா என்று பார்ப்பது? இந்தக் கேள்வி அவளோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தது. லபீபின் கட்டில் ஓரத்தில் அவளோடு உட்கார்ந்தது. விடியும்போதும் எழுந்து போகவில்லை.

விடிந்ததும் லபீப் கண்ணைத் திறந்து, வழக்கம்போலத் தேநீர் கேட்டான். தெரியாமல் கேட்கவில்லை, பழக்கம். கேட்டுவிட்டு, "ஓ, இன்னைக்குப் பட்டினி இல்ல?" என்று தானே சொல்லிக்கொண்டான்.

ஷபீகா எழுந்து வெளியே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் தேநீர் வாங்கினாள், சர்க்கரை நிறையப் போடச் சொன்னாள். சூடான ரொட்டியும் வாங்கினாள். திரும்பி வந்து, இன்சாஃப் முகம் கழுவப் போயிருந்த நேரம் பார்த்து, "டாக்டர் கொஞ்சம் சாப்பிடலாம்னுட்டார்" என்று சொல்லி அவன் வாயில் ரொட்டியைப் பிட்டு வைத்தாள். அவன் ஆசையாகச் சாப்பிட்டான். விரதகாலத்து ரொட்டி இவ்வளவு ருசியா என்று கேட்டான். பாவி மனுஷன்.

நர்ஸ் வந்து கேட்டபோது, "தேநீரும் ரொட்டியும் குடுத்துட்டேன்மா, மறந்துட்டேன்" என்றாள். டாக்டர் ஹிஷாம் வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து உங்ககிட்ட நின்னு சொன்னேன் இல்லம்மா?"

"சொன்னீங்க டாக்டர்."

"இப்ப மயக்க மருந்து குடுத்தா சாப்பிட்டது நுரையீரலுக்குள்ள போயிடும். இன்னைக்குப் பண்ண முடியாது. நாளைக்கும் நாளன்னைக்கும் எனக்கு இடமே இல்லை. சனிக்கிழமை பார்க்கிறேன். அதுவரைக்கும் இவர் இருக்கணும்னு நீங்க உங்க சாமிகிட்டக் கேளுங்க, நான் எங்க சாமிகிட்டக் கேட்கிறேன்."

சனிக்கிழமை. ஷபீகா மூச்சு விட்டாள். சனிக்கிழமை விடியும்போது கறுப்புத் துணியெல்லாம் அவிழ்ந்துவிடும், சாம்பிராணியும் அடக்க ஜெபமும் திரும்ப வந்துவிடும். அவ்வளவு தூரம் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். போதும் என்று நினைத்த அடுத்த நொடியே, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள்.

இன்சாஃப் வந்து விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "மறந்துட்டியா? உப்புல ஒரு கல்லு குறைஞ்சாக் கண்டுபிடிக்கிறவ நீ, மறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, மருந்து வாங்கக் கீழே இறங்கிப் போனாள்.

லபீப் இவ்வளவு நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏ ஷபீகா. இங்க வா. அக்கா கேட்டது சரியான கேள்விதான்."

"என்ன கேள்வி?"

"நீ எதையும் மறந்தவ இல்லை. எதுக்குடி எனக்கு ரொட்டி குடுத்தே?"

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மனுஷனிடம் அவளுக்குப் பொய் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தங்காது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அடுப்பு, விரலால் காட்டிய குமிழ், செருப்போடு வாசலில் நிற்கும் வதீ பெரியப்பா, அபூனா அங்கியை உதறிக்கொண்டு போனது, எல்லாம். சொல்லும்போது மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

லபீப் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அப்போ இந்த வாரம் எனக்குச் சாவே அனுமதி இல்லைங்கிறே."

"விளையாடாதீங்க."

"விளையாடலை. எனக்கும் பயமா இருக்குடி. நேத்து முழுக்க அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நான் ஜெபத்துல இல்லைங்கிறது எனக்கும் தெரியும்ல. உன்கிட்டச் சொன்னா நீ உடைஞ்சுடுவேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகப் பரலோகத்துக்கு வேன் ஓட்டுகிறேன் என்று கேலி பேசிய வாய் அது. அதன் ஓரம் நடுங்கியது. இரண்டு பேரும் ஒரே பயத்தை, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே அறையில் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

"சரி, நீ ஜெபத்துல நின்னேல்ல?" என்றான். "என்ன சொன்னாங்க? நீ கேட்டதை எனக்குச் சொல்லு. அது உயிரோட இருக்கிறவனுக்குச் சொல்ற ஜெபம்தானே. நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்? சொல்லு, நான் ஆமென் சொல்றேன்."

ஷபீகா வாயைத் திறந்தாள். அபூனாவின் உதடு அசைந்தது ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் கன்னத்தில் பட்டது ஞாபகம் இருக்கிறது. ஜெபத்தில் ஒரு எழுத்துகூட ஞாபகம் இல்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள். "ஒண்ணும் காதுல விழலை. அடிப்பிடிச்சிருக்குமோ, அடிப்பிடிச்சிருக்குமோன்னு அதையேதான் நினைச்சுக்கிட்டு நின்னேன்."

அப்போதுதான் லபீப் சிரித்தான். நெஞ்சு வலிக்கும் என்று கையால் அழுத்திக்கொண்டே சிரித்தான்.

"அப்ப நீயும் வராத மாதிரிதான். போ. ரெண்டு பேரும் வெளியிலதான் நிக்கணும். பரவாயில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் ஆச்சு." பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ரொட்டியை வேணும்னே குடுத்த விஷயத்தை மட்டும் அக்காகிட்டச் சொல்லித் தொலைக்காதே. உன்னைப் பிச்சுத் தின்னுடுவா."

மத்தியானம் சாய்வதற்குள் அவனுக்கு மறுபடியும் வலி வந்தது. இந்த முறை முகம் சாம்பலாகிவிட்டது. டாக்டர் ஹிஷாம் ஓடி வந்தார், இனி வயிறு காலியா நிறைந்ததா என்று பார்க்க நேரமில்லை என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனார். ஷபீகா வராந்தாவில் உட்கார்ந்தாள். இன்சாஃப் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷபீகாவால் ஜெபம் பண்ண முடியவில்லை. ஜெபம் என்ற சொல்லைக் கேட்டாலே பயமாக இருந்தது.

டாக்டர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றியபோதே தெரிந்துவிட்டது.

இன்சாஃபின் ஓலம் அடங்கிய பிறகு, ஷபீகா அவர் பின்னாலேயே போய் அறை வாசலில் நின்றாள். "காலையிலேயே பண்ணியிருந்தா பிழைச்சிருப்பாரா டாக்டர்?"

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "தெரியலைம்மா. மேஜை மேலயே போயிருக்கலாம். இன்னும் பல வருஷம் வேனும் ஓட்டியிருக்கலாம். எது சொன்னாலும் நான் பொய் சொன்னதாத்தான் ஆகும்."

அன்று சாயங்காலமே லபீபைக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைக் கறுப்புத் திரைக்கு முன்னால் வைத்தார்கள். சாம்பிராணி இல்லை. அந்த வேளையின் வாசிப்பை வாசித்தார்கள். அது யூதாஸைப் பற்றியது, லபீபைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. முடிந்ததும் தூக்கினார்கள். மறுநாள் அக்கரைக்குக் கொண்டுபோய்க் கிழக்கே கால் நீட்டி வைத்தார்கள். மூன்றாம் நாள் அபூனா வீட்டுக்கு வந்து துக்கம் கலைக்கிற ஜெபம் சொன்னார். எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஷபீகா எல்லாருக்கும் தலையாட்டினாள்.

பண்டிகை முடிந்து சில வாரம் கழித்து அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். ரொட்டியைப் பற்றிச் சொன்னாள்.

"அன்னைக்கு நீ வந்தப்போ நான் உக்காந்து கேட்டிருக்கணும்" என்றார் அபூனா பிசெந்தி. "நின்ன மேனிக்குப் பதில் சொல்லி அனுப்பிட்டேன். உன் ரொட்டியில எனக்கும் பங்கு இருக்கு."

பாவமன்னிப்புச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பூசையிலும் இறந்தவர்களை நினைக்கும் இடத்தில் லபீபின் பேரைச் சொன்னார், ஒரு ஞாயிறு தவறவில்லை. ஷபீகாவுக்கு நன்றிதான். ஆனால் பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. மன்னிப்பு அவளுக்கு. வாசலில் நிற்பது அவன். கண்ணை மூடினால் அந்த வாசல் வந்துவிடும். அவன் தனியாக நிற்பான், பேச ஆள் இல்லாமல். லபீபைப் பேச ஆள் இல்லாமல் நிறுத்தினால் அதைவிடப் பெரிய தண்டனை அவனுக்கு ஏது?

வருஷம் சுற்றிக் குருத்தோலை ஞாயிறு வந்தது. பூசை முடிந்து, அடக்க ஜெபம் என்றதும் முற்றத்தில் ஓலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், வாசலில் அரட்டை அடித்தவர்கள் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஷபீகா எழுந்து அவர்களுக்கு எதிரே வெளியே நடந்தாள். இன்சாஃப் கையைப் பிடித்தாள்.

"எங்கடி போறே இந்த நேரத்துல? அடுப்பை அணைக்காம வந்துட்டியா?"

அவள் ஒன்றும் தெரியாமல்தான் கேட்டாள். ஷபீகாவுக்கு நெஞ்சில் கத்தி இறங்கின மாதிரி இருந்தது. கையை விடுவித்துக்கொண்டு, "இல்லை அண்ணி. வெளியில ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது நேற்று எடுத்த முடிவு அல்ல. லபீப் இல்லாத ஜெபத்தில் இனி தானும் இல்லை என்று அவள் எப்போதோ தீர்மானித்துவிட்டாள். உள்ளே நின்று தனக்கு மட்டும் தண்ணீர் வாங்கிக்கொள்ள அவளால் ஆகாது. இந்த வாரமே அவள் செத்தால் சாகட்டும். ரெண்டு பேரும் வெளியில்தான் என்று அவன் சொன்னானே.

இரும்புக் கேட்டைத் தாண்டித் தெரு ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். காவலுக்கு இருக்கும் போலீஸ்காரன் ரஜப் பிளாஸ்டிக் நாற்காலியில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல வருஷமாக இந்தக் கேட்டில் இருப்பவன். "என்னக்கா, உள்ள காத்து இல்லையா?" என்றான்.

"இல்லை தம்பி."

ஒலிபெருக்கியில் வாசிப்பு கேட்டது. இந்த வருஷம் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, அதனால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. பள்ளத்தாக்கு நிறைய உலர்ந்த எலும்புகள். அவை ஒன்றையொன்று தேடிச் சேருகின்றன, அவற்றின் மேல் சதை ஏறுகிறது, காற்று வந்து உள்ளே புகுகிறது. எத்தனை வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம், இதைத்தானா சொன்னார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. லபீபுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மெதுவாக, உதடு அசைய, அவனுக்குச் சொல்லவும் சொன்னாள்.

வாசிப்பும் பாட்டும் முடிகிற சமயம் ரஜப் எழுந்து நாற்காலியைத் தூக்கிச் சுவர் ஓரமாகப் போட்டான். துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இப்ப வருவார்."

"யாரு வருவார்?"

கேட்டு முடிக்கவில்லை, அபூனா பிசெந்தி கையில் பாத்திரத்தோடு முற்றத்தைத் தாண்டி ஏறக்குறைய ஓடி வந்தார். அவளை அவர் பார்க்கவில்லை. கேட்டுக்கு அருகே நின்று, பாத்திரத்தில் மிச்சம் இருந்த தண்ணீர் முழுவதையும் ஓங்கித் தெருவுக்கு வீசினார். அது ஷபீகாவின் தலையிலும் முகத்திலும் மடியிலும் விழுந்தது, தெருவில் போன கழுதை வண்டி மேலும் விழுந்தது. வண்டிக்காரன் ஏதோ திட்டினான். அபூனா மூச்சு வாங்க ஒரு சிலுவை போட்டுவிட்டு உள்ளே திரும்பிவிட்டார்.

ரஜப் சட்டையைத் தட்டிக்கொண்டான். "வருஷா வருஷம் இதே கதைதான். நான் ஒருதடவை கேட்டுட்டேன், என்னை எதுக்கு அபூனா குளிப்பாட்டுறீங்கன்னு. உள்ள வர முடியாதவங்களுக்காம். உங்களுக்குத் தெரியாதா?"

"நான் எப்பவும் உள்ளதான் இருப்பேன், தம்பி." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "போன வருஷமும் வீசினாரா?"

"வீசாம? போன வருஷம் என் தேநீரே போச்சு."

"போன வருஷம் தண்ணி எவ்வளவு தூரம் போச்சு?"

ரஜப் சிரித்துவிட்டான். "தெருவுல கொட்டின தண்ணி எவ்வளவு தூரம் போச்சுன்னு எவன்க்கா அளந்தான்?"

ஷபீகா தெருவைப் பார்த்தாள். கல்லிடுக்கு வழியாக அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அவள் வீட்டுக்குப் போகிற பக்கமாக. போன வருஷம் அந்த நேரத்தில் லபீப் அந்தத் தெருவில் எங்கே நின்று பேசிக்கொண்டிருந்தான் என்பது யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து, ஒரு வருஷமாக வராத அழுகையை அழுதாள். ரஜப் பயந்துபோய் உள்ளே ஓடி இன்சாஃபைக் கூட்டி வந்தான்.